மாங்கூழ் ஆலையின் தோலையும் கொட்டையையும் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்கள், கடைசி வருடப் புராஜெக்ட் தேடும் மாணவர்கள், ஜூஸ் கடைக்காரர்கள், வேலையை விட்டுவிட்டு இதில் தொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் என எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் மாம்பழம் பற்றித்தான் இருக்கும், மற்ற பழங்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

பழக் கழிவு என்றால் சரியாக எது? எவ்வளவு வரும்?

தோல், கொட்டை, அப்புறம் கொட்டையிலும் சல்லடையிலும் ஒட்டிக்கொண்டு வருகிற நார்க்கூழ். இவை போக, கழுவிவிடுகிற தண்ணீர் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் நல்ல சர்க்கரையில் ஒரு பங்கு அதில்தான் கரைந்து ஓடுகிறது. ரகத்தையும் இயந்திரத்தையும் பொறுத்து பழத்தின் எடையில் 35 முதல் 60 சதவீதம் வரை கூழாகாமல் வெளியே போய்விடும். ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் தோத்தாபுரி, இந்தப் பக்கம் பெங்களூரா என்று சொன்னால்தான் புரியும். நாளுக்கு 100 டன் பழம் உடைக்கிற ஆலையில் 40 டன் கழிவு என்பது சாதாரணம். அதுவும் வருடம் முழுக்க இல்லை, மே கடைசியில் சூடு பிடித்து ஆகஸ்டில் அடங்கிவிடும் சீசனுக்குள் மொத்தமும் வந்து விழும்.

அப்படியே ஒரு நிலத்தில் கொட்டினால் மட்கிப் போகாதா?

மட்கும். அதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பதுதான் விஷயம். தோலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், மீதியில் சர்க்கரை நிறைய. காலையில் கொட்டினால் சாயங்காலத்துக்குள் புளித்த வாடை, மறுநாள் ஈ, மூன்றாம் நாள் கருப்பாக ஒரு சாறு வடிந்து பக்கத்து ஓடைக்கோ கிணற்றுக்கோ போக ஆரம்பிக்கும். அந்தச் சாறு தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும், ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு வருவார்கள், மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆள் வருவார்கள். லாரி லாரியாக ஒரே இடத்தில் கொட்டாமல் நிலத்தில் மெல்லிசாகப் பரப்பி உழுதுவிட்டால் இவ்வளவு பிரச்சினை இல்லை, ஆனால் அதற்குப் போதுமான நிலமும் டிராக்டரும் சீசன் நேரத்தில் யாரிடம் இருக்கிறது?

ஆலைக்கே பாய்லர் இருக்கிறது. தோலைக் காய வைத்து அதிலேயே எரித்தால் விறகுச் செலவு மிச்சமாகுமே?

அதிகம் வருகிற கேள்வி இது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு டன் ஈரத் தோல் எடுத்துக்கொள்வோம். 80 சதவீதம் தண்ணீர் என்றால் உள்ளே காய்ந்த பொருள் 200 கிலோ. அதை எரித்தால் கிலோவுக்கு சுமார் 4,000 கிலோ கலோரி, மொத்தம் 8 லட்சம். இப்போது அந்தத் தண்ணீரை வெளியேற்றும் செலவு. பத்து சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர 780 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க கிலோவுக்கு 600 கிலோ கலோரிக்குக் குறையாமல் ஆகும், அது மட்டுமே 4.7 லட்சம். எந்த உலர்த்தியும் நூற்றுக்கு நூறு வேலை செய்யாது, அறுபது சதவீதம் வேலை செய்தால் நல்ல உலர்த்தி. அப்படிப் பார்த்தால் செலவு கிட்டத்தட்ட 8 லட்சம்.

அதாவது எரித்துக் கிடைப்பது முழுவதும் காய வைக்கவே போய்விடும். வெயில் இலவசம் என்பீர்கள். உண்மைதான், ஆனால் ஜூன், ஜூலை மாதத்தில் இந்தப் பக்கம் மேகமும் காற்றுமாக இருக்கும், களத்தில் பரப்பிய தோல் காய்வதற்கு முன் புளித்துப் புழு வைத்துவிடும். தோலை எரிபொருளாக நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கொட்டையின் மேல் ஓடு வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் சாண எரிவாயு மாதிரி கேஸ் எடுக்கலாமா? ஒரு டன்னுக்கு எவ்வளவு கிடைக்கும்?

எடுக்கலாம், ஈரம் இங்கே எதிரியே இல்லை, கலனுக்கு (கழிவைக் காற்றில்லாமல் புளிக்க வைத்துக் கேஸ் எடுக்கும் மூடிய தொட்டி) எப்படியும் தண்ணீர் வேண்டும். கோவை பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியின் நல்லதம்பி குணசீலன் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 54 பழ, காய்கறிக் கழிவு மாதிரிகளில் எவ்வளவு மீத்தேன் கிடைக்கும் என்று அளந்து காட்டியிருக்கிறார், மாம்பழத் தோல் அதில் நல்ல இடத்திலேயே இருக்கிறது.

நடைமுறைக் கணக்கு இப்படி வரும். ஒரு டன் தோலில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பொருள் 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் கிலோவுக்கு 0.4 கன மீட்டர் மீத்தேன் வந்தால் களத்தில் அதில் எழுபது சதவீதம் வரும். ஆக 50 கன மீட்டர் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த எரிவாயுவாகச் சொன்னால் 80 கன மீட்டர் சுமார். சமையல் கேஸ் கணக்கில் 36 முதல் 38 கிலோ, அதாவது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் இரண்டு. ஒரு டன்னுக்கு இரண்டு சிலிண்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், யார் வந்து என்ன சொன்னாலும் அதை வைத்துச் சரிபார்த்துவிடலாம். ஒரு டன் பழத் தோலில் ஐந்து சிலிண்டர் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போட்ட கலன் ஒரு மாதத்தில் நின்றுபோய்விட்டது, கேஸ் வருகிறது ஆனால் எரியவில்லை. ஏன்?

புளித்துவிட்டது. கலனுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் சர்க்கரையை உடைத்து அமிலமாக்கும், அது மின்னல் வேகம். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும், அது ஆமை வேகம், அதோடு பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 6.8-க்கும் 7.4-க்கும் நடுவில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை பார்க்கும். சீசன் ஆரம்பித்த உற்சாகத்தில் முதல் நாளே பத்து டன் தோலைக் கொட்டினால் அமிலம் பெருகி இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். அப்போது வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அது எப்படி எரியும்? பட்டினி கிடந்தவனுக்கு ஒரேயடியாக விருந்து போட்ட மாதிரிதான்.

செய்ய வேண்டியது: சீசனுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே சாணக் கரைசலை நிரப்பி உயிர்ப்பிடித்து வைத்திருக்க வேண்டும். தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மாந்தோலில் நைட்ரஜன் குறைவு, அதனால் சாணமோ கோழி எருவோ கூடவே போய்க்கொண்டிருக்க வேண்டும். தினமும் பி.ஹெச். பார்க்க ஒரு ஆள் வேண்டும், பேப்பர் போதும், பெரிய கருவி வேண்டாம். இறங்க ஆரம்பித்தால் தோலை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சாணம் மட்டும், கொஞ்சம் சுண்ணாம்பு. நின்றுபோன பழக் கழிவுக் கலன்களில் இயந்திரக் கோளாறு என்று சொல்லப்படுவதில் பாதி இந்தத் தீனிக் கோளாறுதான்.

கலன் எவ்வளவு பெரியது வேண்டும்? சீசன் முடிந்த பிறகு அதை என்ன செய்வது?

இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். தோலுக்கு மட்டும் என்றாலும் நாளுக்கு ஒரு டன் போட 70 முதல் 90 கன மீட்டர் கொள்ளளவு தேவை. நாளுக்கு 18 டன் தோல் வருகிற ஆலைக்கு 1,300 கன மீட்டருக்குக் குறையாது. அவ்வளவு பெரிய கலனைக் கட்டிவிட்டு வருடத்தில் மூன்று மாதம் மட்டும் ஓட்டினால் வட்டிக்கே பத்தாது.

வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாத் தோலையும் அன்றன்றே போட வேண்டும் என்று இல்லை. குழியில் காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால் பசுந்தீவனம் ஊறுவது போலவே தோலும் ஊறி மாதக்கணக்கில் நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலனுக்குப் போடலாம், கலனும் சின்னதாகப் போதும். இரண்டு, வேறு தீனி. மாம்பழ சீசன் போனதும் கொய்யாவும் பப்பாளியும் கூழாக்குகிற ஆலைகள் உண்டு. ராயக்கோட்டை மார்க்கெட்டில் விலை விழும் நாளில் தக்காளி எப்படிக் கொட்டிக் கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் கோழி எரு இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் பல தங்கள் கழிவு நீரிலிருந்து கேஸ் எடுத்து அங்கேயே பயன்படுத்துகின்றன, ஒரு ஆலை தன் கழிவைத் தானே எரித்துக்கொள்வதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் அங்கே போய்ப் பாருங்கள், வெளிநாடு போக வேண்டாம்.

நவம்பர் மாதம் கலனுக்கு என்ன போடுவேன் என்பதற்குப் பதில் இல்லாதவர் கட்ட வேண்டாம்.

கேஸைச் சுத்தம் செய்து வண்டிக்கு விற்கலாம் என்கிறார்களே?

அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு. மீத்தேன் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரம் ஐ.எஸ். 16087 சொல்கிறது, அதற்குக் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் நீக்கி, அழுத்தி, சிலிண்டரில் அடைக்க வேண்டும். மத்திய அரசு 2018 அக்டோபரில் 'சதத்' திட்டத்தைத் தொடங்கியபோது எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தது. நகர எரிவாயு விற்பனையில் குறிப்பிட்ட பங்கு உயிரி எரிவாயு கலக்க வேண்டும் என்ற கட்டாயமும் வந்திருக்கிறது, 2025-26-ல் 1 சதவீதம், 2028-29-ல் 5 சதவீதம் என்பது இலக்கு. ஆக வாங்க ஆள் உண்டு.

ஆனால் நம் கணக்கை மறக்க வேண்டாம். ஒரு டன் தோலுக்குச் சுத்தம் செய்த கேஸ் 33 கிலோதான் தேறும் (முன்பு சொன்ன 36, 38 கிலோ, அதே சூட்டைத் தரும் சமையல் கேஸின் எடை). அந்த 46 ரூபாய்க்கு 1,500 ரூபாய். சுத்திகரிப்பு இயந்திரமும் கம்ப்ரசரும் சின்ன அளவில் கட்டுப்படி ஆகாது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் கழிவை வைத்து 17,000 கிலோ எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது, மாநகரம் முழுக்க வீடு வீடாகப் பிரித்து வாங்கிய கழிவு, 365 நாளும் வருகிறது. ஒற்றை மாங்கூழ் ஆலை அதோடு போட்டி போட முடியாது. பக்கத்துப் பக்கத்து ஆலைகள் பத்து சேர்ந்தால் பேசலாம், ஆனால் பத்து ஆலை முதலாளிகளை ஒரே மேஜையில் உட்கார வைப்பது எரிவாயுத் தொழில்நுட்பத்தைவிடக் கஷ்டமான வேலை. தனி ஆலைக்கு என் யோசனை, கேஸைச் சுத்தம் செய்யாமல், கந்தகத்தை மட்டும் இரும்புத் தூள் வடிகட்டியில் எடுத்துவிட்டு நேராகப் பாய்லரில் எரித்துவிடுங்கள். ஆலைக்கு நீராவி எப்படியும் வேண்டும், கேஸ் வரும் மாதமும் நீராவி தேவைப்படும் மாதமும் ஒன்றே.

எத்தனால்?

வேண்டாம். ஒரு கிலோ சர்க்கரைக்கு அதிகபட்சம் 0.64 லிட்டர்தான் எத்தனால், இது இயற்கையின் கணக்கு, மாற்ற முடியாது. தோலிலும் நார்க்கூழிலும் 5 சதவீதம் புளிக்கக்கூடிய சர்க்கரை என்றால் ஒரு டன்னுக்கு 32 லிட்டர், அதுவும் மூன்று சதவீதச் சாராயமாகத் தண்ணீரில் கலந்து கிடக்கும். அவ்வளவு நீர்த்ததைக் காய்ச்சி வடிக்க ஆகிற எரிபொருள் அதிகம். கரும்புச் சாறு, மொலாசஸ், மக்காச்சோளம் என்று பெரிய ஆலைகள் இந்தத் துறையில் இருக்கும்போது மாந்தோலுக்கு இடமில்லை. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் இல்லாமல் சோதனைக்குக்கூட வடிக்கக் கூடாது, மாணவர்கள் கவனிக்க.

கொட்டையை ஏன் எல்லோரும் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

நம் ஊரில் பழக் கழிவிலிருந்து நிஜமாகவே காசு பார்த்த பொருள்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். புளியங்கொட்டை: வறுத்து, தோலுரித்து, மாவாக அரைத்து நூலுக்குக் கஞ்சி போடவும் துணி அச்சில் சாயத்தைக் கெட்டியாக்கவும் காலம் காலமாகப் போகிறது. பண்ருட்டி முந்திரி ஓடு: எண்ணெய் எடுத்து பிரேக் லைனிங், பெயின்ட், ரெசின் தயாரிப்புக்கு, எண்ணெய் போன சக்கை பாய்லருக்கு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்த தென்னை நார்க் கழிவு இன்று கட்டியாக அமுக்கப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. தேங்காய்ச் சிரட்டை கரியாகிறது. இவை எல்லாமே காய்ந்த பொருள். அழுகாது, மூட்டையில் கட்டி வைக்கலாம், விலை வரும் வரை காத்திருக்கலாம், தூரத்து வியாபாரியும் லாரி அனுப்புவார்.

மாந்தோல் அந்த வரிசையில் சேராது, மாங்கொட்டை சேரும். அதனால்தான் தோலையும் கொட்டையையும் ஒரே டிராக்டரில் கலந்து கொட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டையும் கலந்துவிட்டால் தோலின் ஈரத்தில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் பூஞ்சை பிடித்துவிடும்.

சரி, கொட்டையிலிருந்து என்னென்ன வரும்?

உடைத்தால் ஓடும் பருப்பும். ஓடு காய்ந்த பிறகு விறகுக்குச் சமமாக எரியும், கொட்டையைக் களத்தில் பரப்பிவிட்டால் தோல் மாதிரி புளித்துத் தொலைக்காது, இதைத் தாராளமாகப் பாய்லருக்குப் போடலாம்.

பருப்பில்தான் விஷயம். காய்ந்த எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, கொழுப்பு 7 முதல் 15 சதவீதம் வரை. அந்தக் கொழுப்பு சாதாரண எண்ணெய் இல்லை, அறை வெப்பத்தில் வெண்ணெய் மாதிரி நிற்கும், உடல் சூட்டை ஒட்டி உருகும், கிட்டத்தட்ட கோகோ வெண்ணெய் மாதிரி. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டுச் சாக்லேட் உத்தரவில் கோகோ வெண்ணெயோடு 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. அழகுசாதனக் கடைகளில் மேங்கோ பட்டர் என்று சின்ன டப்பாவில் விற்பதும் இதுதான். பழத்தைச் சாப்பிட்டவர்கள் கொட்டையைத் தூக்கிப் போட, அதே கொட்டை உதட்டுக்குப் பூசும் களிம்பாகத் திரும்பி வருகிறது.

கணக்கு: ஒரு டன் ஈரக் கொட்டையில் காய்ந்த பருப்பு 250 கிலோ தேறும், 10 சதவீதக் கொழுப்பு என்றால் 25 கிலோ. செக்கில் ஆட்டினால் இதில் பெரும்பகுதி சக்கையிலேயே நின்றுவிடும், ஹெக்சேன் என்ற திரவத்தில் கொழுப்பைக் கரைத்து எடுக்கும் ஆலைதான் சரி. ஹெக்சேன் ஆலையைச் சொந்தமாகக் கட்டப் போகாதீர்கள், தீப்பிடிக்கும் திரவம், ஏகப்பட்ட அனுமதி. கொட்டையை உடைத்து, பருப்பைப் பத்து சதவீத ஈரத்துக்குக் கீழே காய வைத்து, ஏற்கெனவே தவிட்டு எண்ணெயோ சால் விதை எண்ணெயோ எடுக்கிற ஆலைக்கு விற்பதோடு நின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம். தாமதம் ஆகக் கூடாது, ஈரத்தோடு குவித்து வைத்த பருப்பில் கொழுப்பு அமிலமாக உடைந்து விலை பாதியாகிவிடும்.

இன்னொரு பழைய வழியும் உண்டு. சந்தூர் பக்கம் ஒட்டு மாஞ்செடி போடுகிற நர்சரிகளுக்கு வேர்ச்செடி முளைக்க வைக்கக் கொட்டை தேவை. மாங்கொட்டை ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்காது, அதனால் புதுசாகவே போக வேண்டும். அளவு சின்னதுதான், ஆனால் எந்த இயந்திரமும் இல்லாமல் கைக்கு வருகிற காசு.

பருப்பு மாவை மனிதர்கள் சாப்பிடலாமா?

பஞ்ச காலத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள், மாங்கொட்டையைப் போட்டுக் குழம்பு வைப்பதும் புதிதில்லை, வயிற்றுப்போக்குக்குப் பருப்பை இழைத்துக் கொடுத்த பாட்டிகளும் உண்டு. ஆனால் ஆலைக் கழிவிலிருந்து எடுத்து உணவாக விற்பது வேறு. 2024-ல் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில், சேமித்து வைத்திருந்த மாங்கொட்டைப் பருப்பில் காய்ச்சிய கஞ்சி குடித்தவர்கள் நச்சேறி இறந்தார்கள். ஈரமாக வைத்த பருப்பில் பூஞ்சை நஞ்சு உண்டாகும், சமைத்தாலும் அது முழுதாகப் போகாது. பரிசோதனைக் கூடச் சான்றும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமமும் இல்லாமல் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

தோலில் பெக்டின் இருக்கிறதாமே?

இருக்கிறது, காய்ந்த தோலில் 10 முதல் 20 சதவீதம் வரை. ஜாம் கெட்டியாக நிற்பது பெக்டினால்தான். உலகச் சந்தையில் வருவது பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும். மாந்தோலிலும் எடுக்கலாம்: தோல் வந்த உடனே வெந்நீரிலோ நீராவியிலோ காட்டி நொதியைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் அதுவே பெக்டினை உடைத்துவிடும். அப்புறம் 80, 90 டிகிரியில் அமில நீரில் ஊற வைத்து, வடிகட்டி, ஆல்கஹாலில் படிய வைத்து எடுப்பது. ஆய்வகத்தில் அழகாக வரும், கல்லூரிப் புராஜெக்டுக்குப் பிரமாதம். தொழிலாகச் செய்ய அந்த ஆல்கஹாலை மறுபடி மீட்டெடுக்கும் ஏற்பாடு வேண்டும், ஒவ்வொரு சரக்கும் ஒரே மாதிரி கெட்டியாக வேண்டும், மூன்று மாதச் சரக்கை வைத்துப் பன்னிரண்டு மாத வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும். பெரிய முதலீட்டுக்காரர் விளையாட்டு.

மாட்டுக்குப் போடலாமா?

போடலாம், எல்லோரும் இளக்காரமாக நினைக்கிற இந்த வழிதான் சின்ன ஆலைக்கு முதல் வழி என்பேன். ஆனால் பச்சைத் தோலை மாட்டின் முன்னால் கூடை கூடையாகக் கொட்டக் கூடாது, சர்க்கரை அதிகம், வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். தோலோடு நறுக்கிய வைக்கோலைக் கலந்து (வைக்கோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்) குழியிலோ பெரிய பிளாஸ்டிக் பையிலோ அமுக்கிக் காற்றில்லாமல் மூன்று வாரம் ஊற வைத்தால் புளிப்பு வாசனையோடு நல்ல ஊறுதீவனம் ஆகும், மாடு விரும்பித் தின்னும். புரதம் குறைவு, அதனால் பிண்ணாக்கும் பசும்புல்லும் குறைக்கக் கூடாது. கொட்டைப் பருப்பில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு, அதைத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஒரு பெரிய வித்தியாசம், லிமோனீன். உரிக்கும்போது கையில் தெறிக்கிற அந்த வாசனை எண்ணெய் எரிவாயு விடும் நுண்ணுயிர்களுக்கு விஷம். முதலில் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். பிரேசிலிலும் ஃபுளோரிடாவிலும் அதை எடுத்துக் கரைப்பானாகவும் வாசனைப் பொருளாகவும் விற்கிறார்கள், மீதித் தோலில் சுண்ணாம்பு கலந்து பிழிந்து உலர்த்தி மாட்டுத்தீவன உருண்டையாக்குகிறார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்தில் தெருவோர மரங்களிலிருந்து விழும் கசப்பு ஆரஞ்சை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்து, 2021-ல் நகரக் குடிநீர் நிறுவனம் 35 டன் பழத்தை வைத்து ஒரு சோதனை செய்தது: சாற்றைப் புளிக்க வைத்துக் கேஸ், அதில் மின்சாரம். ஆயிரம் கிலோ பழத்துக்கு 50 யூனிட் என்று சொன்னார்கள். தோலை உரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை கோஸ்டா ரிகாவில் நடந்தது. டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதி டெல் ஓரோ என்ற ஜூஸ் நிறுவனத்தோடு பேசி, குவானகாஸ்தே காப்பகத்தில் பாழாய்க் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் ஆரஞ்சுத் தோலைக் கொட்ட ஏற்பாடு செய்தார்கள். சுமார் 12,000 டன், மூன்று ஹெக்டேரில். போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். பதினாறு வருடம் கழித்துப் பார்த்தால் அங்கே காடு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்ட அளவீட்டில் தரைக்கு மேலான உயிர்ப்பொருள் 176 சதவீதம் கூடியிருந்தது. இதைக் காட்டி, "நாங்களும் ஏரிக்கரையில் கொட்டுகிறோம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது பக்கத்தில் ஊரும் கிணறும் இல்லாத, பக்கத்துக் காட்டிலிருந்து விதை வந்து விழுகிற இடம்.

பயோ என்சைம்?

பழத்தோல், வெல்லம், தண்ணீர், மூன்று மாதம், ஏரி சுத்தமாகும், சர்க்கரை நோய் போகும் என்று வருகிற வீடியோக்களைத்தான் கேட்கிறீர்கள். கிடைப்பது லேசான வினிகர். தரை துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், அதோடு சரி. ஏரியில் ஊற்றினால் ஏரிக்கு இன்னும் கொஞ்சம் கழிவு சேரும். முதல் சில வாரம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள், பாட்டில் வெடித்துவிடும். ஆலை அளவில் யோசிக்கவே வேண்டாம், தோலைவிட வெல்லம் விலை அதிகம்.

ஜூஸ் கடை வைத்திருக்கிறேன், நாளுக்கு 20 கிலோ தோல், சக்கை. ஏதாவது செய்யலாமா?

நம் கணக்குப்படி நாளுக்கு முக்கால் கிலோ சமையல் கேஸ் அளவு. இடம் இருந்து, கடையிலேயே டீ அடுப்பும் இருந்தால் சின்னக் கலன் போடலாம். சாத்துக்குடித் தோலைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், தர்பூசணித் தோல், பப்பாளி, மாம்பழம் தாராளமாகப் போகட்டும், அன்னாசித் தோலைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். இடம் இல்லையென்றால் பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் தினமும் காலையில் கொடுத்துவிடுவதே நல்லது. அவர் கொஞ்சம் பால் கொடுத்தாலும் கொடுப்பார்.

ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு, இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்க்கிறேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும். அதைவிடப் பயங்கரம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை வருகிற வரை பரவாயில்லை, அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும், ஆள் அப்படியே சரிந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் போய்விடுவார். கலன், கழிவுக் குழி, மூடிய தோல் கிடங்கு எதற்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள். அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து எடுக்கும்படிதான் கலனையே வடிவமைக்க வேண்டும்.

இதெல்லாம் வந்தால் மா விவசாயிக்கு விலை கூடுமா?

கூடாது. 2025 சீசனில் தோத்தாபுரி விலை எப்படி விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும், சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி வரக் கூடாது என்று தடையே போட்டார்கள், ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் கையிலிருந்து கொடுக்க வேண்டி வந்தது. ஒரு டன் பழத்தில் தோல் 175 கிலோ, அதில் சமையல் கேஸ் கணக்கில் ஆறரை கிலோ, கிலோ 90 ரூபாய் என்றே வைத்தாலும் 585 ரூபாய். ஒரு கிலோ பழத்துக்கு அறுபது காசு கூட இல்லை, செலவு போவதற்கு முன்னால். கொட்டையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஆலைக்கு எரிபொருள் செலவும் கழிவு அகற்றும் செலவும் குறையும், ஊருக்கு நாற்றம் குறையும், அது நிஜம். கழிவை விற்று விவசாயியைக் காப்பாற்றுவோம் என்று மேடையில் பேசுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கே தொடங்குவது? யாரிடம் கேட்பது?

இந்தச் சீசனில் ஒன்றும் கட்ட வேண்டாம். கொட்டை வரும் வாய்க்கு ஒரு தள்ளுவண்டி, தோல் வரும் வாய்க்கு ஒரு தள்ளுவண்டி என்று பிரித்து வையுங்கள், தினமும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆகிய மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் ஆலோசனை கேட்கலாம், உங்கள் நோட்டையும் கையில் எடுத்துப் போனால் பேச்சு வேகமாக முடியும். சின்ன உணவுத் தொழில்களுக்கு 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று விதி, உங்கள் வேலை அதில் வருமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஒரு கம்பெனி வந்து எல்லாம் நாங்களே செய்து தருகிறோம், முன்பணம் மட்டும் கொடுங்கள் என்கிறது. நம்பலாமா?

மூன்றே கேள்வி கேளுங்கள். காய வைக்கிற சூடு எங்கிருந்து வரும்? மாம்பழம் இல்லாத ஒன்பது மாதம் இயந்திரத்துக்கு என்ன தீனி? கடைசியில் வருகிற பொருளை வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் யார், அந்தக் காகிதத்தைக் காட்ட முடியுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால், அதே இயந்திரம் ஒரு முழுச் சீசன் ஓடிய வேறு ஆலைக்கு நீங்களே வண்டி எடுத்துப் போய், முதலாளியை விட்டுவிட்டு அங்கே பாய்லர் ஓட்டுகிறவரிடம் பேசிவிட்டு வாருங்கள். முன்பணத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.